சர்க்கரை போன பிறகு மிச்சம் இருப்பது: குதிரைக்கு பீட் சக்கை

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டது.

போன எபிசோட்ல சுகர் பீட், அதாவது சர்க்கரைக் கிழங்கு பத்திப் பேசினோம். பீட் கிழங்குல இருக்கிறதும் கரும்புல இருக்கிறதும் ஒரே சர்க்கரைதான்னு 1747ல பெர்லின்ல ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் கண்டுபிடிச்சார். அவரோட மாணவர் ஃபிரான்ஸ் கார்ல் ஆஹார்ட் 1801ல சைலீசியாவுல முதல் பீட் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். இதெல்லாம் பார்த்தோம். அதுக்கப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு: "ப்ரோ, சர்க்கரையை உறிஞ்சி எடுத்துட்டாங்க, சரி. மிச்சம் இருக்கிற சக்கை எங்க போகுது?"

பெரும்பகுதி மாட்டுக்குப் போகுது. ஒரு பகுதி குதிரைக்கு. எனக்கு இந்தக் குதிரைக் கதைதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஏன்னா அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் குதிரை வளர்க்கிறவங்க நடுவுல இந்தச் சக்கையைப் பத்தி ரெண்டு விதமான பேச்சு ஓடுது. "இது வயித்துக்குள்ள உப்பி குதிரையைக் கொன்னுடும்"னு ஒரு கூட்டம். "என் வயசான குதிரை இன்னிக்கு உயிரோட இருக்கிறதே இதனாலதான்"னு இன்னொரு கூட்டம். எது சரின்னு சொல்லணும்னா, முதல்ல குதிரை வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும். இன்னிக்கு எபிசோட் அதுதான்.

கரும்புச் சக்கை வேற, பீட் சக்கை வேற

நமக்குச் சக்கைன்னா கரும்புச் சக்கைதான் ஞாபகம் வரும். ஜூஸ் கடை ஓரத்துல குவிஞ்சு கிடக்குமே, அது. சர்க்கரை ஆலையில அதைக் கொதிகலன்ல போட்டு எரிச்சு, நீராவியும் கரண்டும் எடுப்பாங்க. கரும்பு ஒரு தண்டு. காத்துல நிமிர்ந்து நிக்கணும். அதுக்காகவே அதோட நார்ல லிக்னின்னு ஒரு கெட்டியான பொருள் நிறைய இருக்கு. மரத்தை மரமா வெச்சிருக்கிறதும் அதே லிக்னின்தான். விலங்கோட வயித்துல இருக்கிற நுண்ணுயிர்களால அதைக் கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ண முடியாது.

பீட் அப்படி இல்ல. அது மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கு, நிமிர்ந்து நிக்க வேண்டிய அவசியமே கிடையாது. அதனால அதுல லிக்னின் கம்மி, பெக்டின் ஜாஸ்தி. ஜாமைக் கெட்டியாக்குமே, அதே பெக்டின்தான்.

ஆலையில கிழங்கைக் கழுவி, மெல்லிசு மெல்லிசா நீட்டுத் துண்டுகளா சீவி, சுமார் 70 டிகிரி வெந்நீர்ல ஓட விடுவாங்க. சர்க்கரை தண்ணிக்குள்ள இறங்கிடும். மிச்சத்தைப் பிழிஞ்சு, காய வெச்சு, அப்படியே துருவலா விப்பாங்க, இல்லன்னா அழுத்தி பெல்லட் ஆக்குவாங்க. சில ஆலைகள்ல மேல கொஞ்சம் மொலாசஸ் தெளிப்பாங்க. அமெரிக்காவுல மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடுவுல இருக்கிற ரெட் ரிவர் பள்ளத்தாக்குதான் இதுக்குப் பெரிய இடம். அங்க அறுவடை பண்ண கிழங்கை மலை மாதிரி வெளியில குவிச்சு வெச்சுடுவாங்க. குளிர்காலமே ஃப்ரீஸர் மாதிரி வேலை செய்யும்.

ஆக, சர்க்கரையில பெரும்பகுதி போயாச்சு. மிச்சம் இருக்கிறது நார்ச்சத்து. ஆனா சாதாரண நார் இல்ல, எளிதா நொதிக்கக்கூடிய நார். இந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடிச்சு வெச்சுக்கோங்க: நொதித்தல். மீதிக் கதை முழுக்க அதுலதான் இருக்கு.

குதிரை ஒரு ஸ்ட்ரீமிங் சிஸ்டம்

மாட்டுக்கும் குதிரைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாடு புல்லை முன்னாடியே, பெரிய இரைப்பையில நொதிக்க வெச்சு, அசை போட்டு, அப்புறம்தான் கீழ அனுப்பும். குதிரை அசை போடாது. அதோட வயிறு உடம்பைப் பார்த்தா ரொம்பச் சின்னது. 500 கிலோ குதிரைக்கு இரைப்பை வெறும் 8லிருந்து 15 லிட்டர்தான். நொதித்தல் எல்லாம் பின்னாடி நடக்குது. சிறுகுடல் முடிஞ்ச இடத்துல சீக்கம்னு சுமார் 30 லிட்டர் பிடிக்கிற ஒரு பை, அதுக்கப்புறம் அதை விடப் பெருசா ஒரு பெருங்குடல். அங்க கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை உடைச்சு, கொழுப்பு அமிலங்களா மாத்தும். குதிரை புல் தின்னு வாழ்றதோட ரகசியமே அந்த அமிலங்கள்தான்.

நம்ம பாஷையில சொல்லணும்னா குதிரை ஒரு பேட்ச் பிராசஸ் கிடையாது, ஸ்ட்ரீமிங் சிஸ்டம். வெட்டவெளியில விட்டா ஒரு நாளைக்கு 16 மணி நேரம் கூட மேயும். கொஞ்சம் கொஞ்சமா, விடாம உள்ள போயிட்டே இருக்கணும். இதுல இன்னொரு விஷயம்: குதிரை வயித்துல அமிலம் எப்பவும் சுரந்துட்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். ஆனா அந்த அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் வரும். மெல்றது நின்னா, அமிலத்துக்குத் தடுப்பு இல்ல. வயித்துப்புண் வர அதுவே ஒரு வழி.

அதனாலதான் கால்நடை மருத்துவர்கள் ஒரு அடிப்படைக் கணக்கு வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு உடல் எடையில குறைஞ்சது ஒன்றரை சதவீதம், முடிஞ்சா 2 சதவீதம், புல் மாதிரி நார்த்தீனியா போகணும். ஈரத்தைக் கழிச்சுட்டு வர்ற உலர் எடைக் கணக்கு இது. 500 கிலோ குதிரைன்னா ஏழரையிலிருந்து 10 கிலோ.

கொள்ளுன்னா வாயைத் திறக்கும்

"கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடுமாம்"னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க இல்லையா? குதிரைக்குத் தானியம் பயறுன்னா உயிர்ங்கிறது எல்லா ஊர்லயும் தெரிஞ்ச விஷயம். மேற்கு நாடுகள்ல அந்த இடத்துல ஓட்ஸ் இருக்கு. வேலை செய்யுற குதிரைக்கும், ஓடுற குதிரைக்கும், எடை ஏறாத குதிரைக்கும் காய்ஞ்ச புல் மட்டும் பத்தாது. கூடுதல் சக்தி வேணும். அப்போ எல்லாரும் ஒரு வாளி ஓட்ஸை நீட்டுவாங்க.

ஓட்ஸோட சக்தி பெரும்பாலும் மாவுச்சத்து. அது சிறுகுடல்லயே செரிச்சு முடியணும். ஆனா சிறுகுடலுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. பொதுவா சொல்ற வரம்பு, ஒரு வேளைக்கு உடல் எடை கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து. 500 கிலோ குதிரைன்னா ஒரு வேளைக்கு ஒரு கிலோ மாவுச்சத்து. அதைத் தாண்டினா, செரிக்காத மாவு அப்படியே பின்குடலுக்கு வழிஞ்சு போகும். அங்க இருக்கிற நாரை உடைக்கிற நுண்ணுயிர்களுக்கு இது வேலை இல்ல. மாவைத் தின்கிற வேற நுண்ணுயிர்கள் திடீர்னு பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். பின்குடல் புளிக்கும். நல்ல நுண்ணுயிர்கள் கூட்டமா சாகும். அதுங்க உடையும்போது வெளிய வர்ற நச்சு ரத்தத்துல கலக்கும்.

இதோட விளைவு கோலிக்னு சொல்ற கடும் வயித்துவலியா இருக்கலாம், லாமினைடிஸா இருக்கலாம். லாமினைடிஸ்னா குளம்புக்கு உள்ள எலும்பைப் பிடிச்சுத் தாங்குற மெல்லிய திசுக்கள் வீங்கி, பிடி விட்டுப் போறது. குதிரையோட முழு எடையும் அந்தப் பிடியிலதான் நிக்குது. இந்த நோய் வர வேற காரணங்களும் உண்டு, தானியம் அதுல ஒண்ணு. எவ்வளவு கொடூரமான நோய்னா, 1973ல அமெரிக்காவோட டிரிபிள் கிரவுன் பட்டத்தை ஜெயிச்ச செக்ரடேரியட் குதிரை இருக்கே, அதுக்கு 1989ல லாமினைடிஸ் வந்து, வேற வழியில்லாம கருணைக்கொலை செஞ்சாங்க.

நடுவுல ஒரு வழி

இப்ப பீட் சக்கையைக் கொண்டு வாங்க. ஒரு கிலோ சாதாரண காய்ஞ்ச புல்லுல குதிரைக்குக் கிடைக்கிற சக்தி சுமார் 2 மெகாகலோரி. ஓட்ஸ்ல 3க்குக் கொஞ்சம் மேல. பீட் சக்கையில சுமார் 2.8. அதாவது புல்லை விட நல்லா மேல, ஓட்ஸுக்குக் கொஞ்சம் கீழ.

ஆனா அந்த சக்தி வர்ற பாதை வேற. பெக்டினைக் குதிரையோட சொந்தச் சுரப்புகளால உடைக்க முடியாது. அதனால அது சிறுகுடலைத் தாண்டி நேரா பின்குடலுக்குப் போய், புல்லு மாதிரியே நுண்ணுயிர்கள் கையால நொதிச்சு, அதே கொழுப்பு அமிலங்களா மாறுது. மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லங்கிறதால ரத்தச் சர்க்கரையும் சட்டுனு எகிறாது. கிட்டத்தட்ட தானியத்தோட சக்தி, ஆனா புல்லோட பாதையில. இந்தச் சக்கையோட மதிப்பு மொத்தமும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு.

பேருக்கு ஏத்த மாதிரி இதுல சர்க்கரை கொட்டிக் கிடக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சர்க்கரையை எடுக்கத்தானே ஆலையே நடத்துறாங்க? மொலாசஸ் சேர்க்காத சக்கையில மிச்சம் இருக்கிற சர்க்கரை கம்மிதான். மொலாசஸ் தெளிச்சிருந்தா கதை வேற. இன்சுலின் கோளாறு இருக்கிற குதிரைக்கும், ஏற்கனவே லாமினைடிஸ் வந்த குதிரைக்கும் மொலாசஸ் இல்லாததுதான் எடுக்கணும். ஆகவே மூட்டையோட லேபிளைப் படிக்கணும். சந்தேகமா இருந்தா ஊற வெச்ச தண்ணியைக் கொட்டிட்டு, நல்ல தண்ணியில அலசிக் கொடுக்கலாம். சர்க்கரை தண்ணியோட போயிடும்.

பல் தேய்ஞ்ச குதிரை

இந்தச் சக்கை உண்மையிலேயே உயிர் காப்பாத்துற இடம் வயசான குதிரைதான். குதிரையோட பல் நம்ம பல் மாதிரி ஒரு தடவை முளைச்சு நிக்கிறதில்ல. தாடைக்குள்ள நீளமா ஒரு இருப்பு இருக்கும். மெல்ல மெல்ல மேல தேயும், வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர். அதே அளவு கீழே இருந்து வெளிய வரும். 25, 30 வயசுல அந்த இருப்பு தீர்ந்துடும். அரைக்கிற பரப்பு வழவழப்பாயிடும், இல்லன்னா பல்லே விழுந்துடும்.

அப்புறம் நடக்கிறதுதான் கொடுமை. முன்னாடி நல்ல புல் கிடக்கும். குதிரையும் வாயை அசைச்சுட்டே இருக்கும். பார்க்கிறவங்களுக்கு, நல்லா சாப்பிடுதேன்னு தோணும். ஆனா கீழ தரையைப் பார்த்தா பாதி மென்ன புல் உருண்டை உருண்டையா விழுந்து கிடக்கும். விழுங்க முடியல, துப்பிடுது. தீனிக்கு முன்னாடியே நின்னுட்டு அது பட்டினி கிடக்குது. விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சதும், "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்"னு விட்டுடுறவங்க உண்டு.

அதுக்கு வயசு முடியல, பல்லுதான் முடிஞ்சிருக்கு. பின்குடல் இன்னும் வேலை செய்யும், நார் உள்ள போனா போதும். நல்லா ஊறிக் கஞ்சி மாதிரி ஆன பீட் சக்கைக்கு மெல்ற வேலை கம்மி. அதோட ஊற வெச்ச புல் பெல்லட்டும், வயசான குதிரைகளுக்குன்னு தயாரிக்கிற முழுத் தீவனமும் சேர்த்து, நாலஞ்சு வேளையா பிரிச்சுக் கொடுத்தா எடை திரும்ப ஏறின குதிரைகள் உண்டு. முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட வாயைத் திறந்து காட்டணும். ஏன்னா சில சமயம் பிரச்சினை தேய்மானமா இருக்காது. கூரா நிக்கிற ஒரு பல்லா இருக்கும், அதை ராவி விட்டாலே போதும்.

இன்னும் சில இடங்கள்லயும் இது உதவும். வறட்சியில நல்ல புல் கிடைக்காத வருஷம் ஒண்ணு. எவ்வளவு தின்னாலும் எடை ஏறாத குதிரை இன்னொண்ணு. மூணாவது குளிர்காலம். மினசோட்டா மாதிரி ஊர்ல பூஜ்ஜியத்துக்கு 20 டிகிரி கீழ போகும்போது குதிரை தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிடும். குடல்ல தீனி இறுகி அடைச்சுக்கும். அந்த நேரத்துல வெதுவெதுப்பா ஊறின சக்கை கொடுத்தா, தண்ணியையும் சேர்த்தே உள்ள அனுப்பின மாதிரி.

வெடிக்குமா, வெடிக்காதா?

சரி, அந்த பயத்துக்கு வருவோம். காய்ஞ்ச சக்கை தன் எடையைப் போல சுமார் நாலு மடங்கு தண்ணி இழுக்கும். கண் முன்னாடியே வாளி நிறையும். இதைப் பார்த்துட்டு, "வயித்துக்குள்ளயும் இப்படித்தானே உப்பும்?"னு நினைக்கிறது இயல்புதான். ஆனா வயிறு மூடின வாளி இல்ல. உள்ள போனது கீழ நகர்ந்துட்டே இருக்கும். ஊற வைக்காத சக்கையை நல்ல அளவுலயே கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்ல எந்தக் குதிரைக்கும் வயிறு வெடிக்கல. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாதுங்கிறதால இரைப்பை கிழியுற ஆபத்து நிஜமாவே உண்டு. ஆனா அது பெரும்பாலும் அளவுக்கு மீறித் தானியம் தின்னுடுறது, இல்ல குடல் எங்கேயோ அடைச்சுக்கிறது மாதிரி காரணத்தால வர்றது.

அப்போ ஊற வைக்க வேண்டாமா? வைக்கணும். காரணம்தான் வேற: தொண்டை அடைப்பு. குதிரை அவசர அவசரமா உலர்ந்த தீனியை விழுங்கினா உணவுக்குழாய்ல அடைச்சுக்கும். மூச்சுக்குழாய் திறந்துதான் இருக்கும், அதனால மனுஷங்க மாதிரி உடனே மூச்சு முட்டாது. ஆனா உமிழ்நீரும் தீனியும் மூக்கு வழியா வரும். அது நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியா. இது பீட் சக்கைக்கு மட்டும் இருக்கிற ஆபத்து இல்ல. எந்த உலர்ந்த பெல்லட்டும், ஏன் ஓட்ஸும் கூட, அவசரக்காரக் குதிரைக்கு இதைச் செய்யும். கெட்டியான பீட் பெல்லட்டுல ஆபத்து கூடுதல். பார்க்க வேற குதிரைத் தீவன பெல்லட் மாதிரியே இருக்கிறதால, தெரியாம வாளி மாறி உலர்வாவே போட்டுடுறது நடக்குது. மூட்டையைத் தனியா வெச்சு, பெருசா எழுதி ஒட்டிடுறது நல்லது.

எவ்வளவு, எப்படி?

துருவலா இருந்தா ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி, சில மணி நேரம் போதும். பெல்லட்டா இருந்தா குளிர்ந்த தண்ணியில ராத்திரி முழுக்க ஊறட்டும். வெந்நீர்ல சீக்கிரம் ஊறும். கையால அமுக்கிப் பார்க்கணும். நடுவுல கெட்டியா எதுவும் தட்டுப்படக் கூடாது. ஊறினதை வெயில்ல விட்டா தோசை மாவு மாதிரி புளிச்சிடும். தோசை மாவு புளிச்சா நல்லது, இது புளிச்சா கொட்டிடணும்.

முதல் நாளே வாளி நிறைய வைக்கக் கூடாது. பின்குடல் நுண்ணுயிர்களுக்குப் புது வேலை பழக ஒண்ணு, ரெண்டு வாரம் ஆகும். உலர் எடையில கால் கிலோவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். நல்ல பல் இருக்கிற குதிரைக்கு நார்த்தீனியில பாதிக்கு மேல இதை வைக்க வேண்டாம்ங்கிறதுதான் பொதுவான அறிவுரை.

அந்தப் பாதி எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 500 கிலோ குதிரைக்குக் குறைஞ்சபட்ச ஏழரை கிலோவுல பாதின்னா கிட்டத்தட்ட 4 கிலோ உலர் சக்கை. அதுக்கு 16 லிட்டர் தண்ணி. மொத்தம் 20 கிலோ கஞ்சி, தினமும். பெரும்பாலானவங்க ஒரு கிலோ, ரெண்டு கிலோவோட நிறுத்திக்கிறதுக்கு இந்த வாளி சுமக்குற வேலையும் ஒரு காரணம்.

இது எதைச் செய்யாது?

ரெண்டு குறை இருக்கு. முதல் குறை சத்துப் பட்டியல்ல. புரதம் சுமார் 8லிருந்து 10 சதவீதம், சராசரிப் புல் அளவுக்கு. கால்சியம் தாராளமா இருக்கு, ஃபாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. இது ரெண்டும் ஒரு விகிதத்துல இருக்கணும், இல்லன்னா எலும்புக்குச் சிக்கல், அதுலயும் வளர்ற குட்டிக்கு. வைட்டமின் ஏ, ஈ, செலீனியம் எல்லாம் பேருக்குத்தான். அதனால சக்கை நிறைய கொடுத்தா தாதுக் கலவையும் கூடவே போகணும்.

ரெண்டாவது குறை நேரம். ஒரு கிலோ காய்ஞ்ச புல்லைத் தின்னு முடிக்க குதிரைக்கு 40 நிமிஷம் ஆகும். கஞ்சி அதை விட வேகமா காலியாயிடும். மெல்ற நேரம் குறைஞ்சா உமிழ்நீர் குறையும், அமிலம் ஜெயிக்கும். வேலை இல்லாத வாய் மரக்கதவைக் கடிக்க ஆரம்பிக்கும். பீட் சக்கை நார்ச்சத்தைக் கொடுக்கும், ஆனா நாள் முழுக்க மெல்ற வேலையைக் கொடுக்காது. மெல்லக்கூடிய குதிரைக்கு நீளமான புல் பக்கத்துலயே இருந்தாகணும்.

சுருக்கமா சொல்லிடுறேன். உங்க கையில குதிரை இருந்தாலும் இல்லாட்டியும், இனி யாராவது "இது நல்ல தீனியா, கெட்ட தீனியா"ன்னு கேட்டா, "இது குடல்ல எந்த இடத்துல செரிக்கும்?"னு திருப்பிக் கேளுங்க. ஓட்ஸும் பீட் சக்கையும் சக்தியில பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். ஆனா ஒண்ணு சிறுகுடலுக்கு, இன்னொண்ணு பின்குடலுக்கு. அந்த வித்தியாசத்துலதான் ஒரு குதிரை லாமினைடிஸ்ல படுக்குறதும், பல்லில்லாத ஒரு கிழட்டுக் குதிரை இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டுறதும் இருக்கு.

அடுத்த எபிசோட்ல மொலாசஸ். நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. அதுவரைக்கும் கேள்விகளை அனுப்பிட்டே இருங்க.